காப்பு அவிழும்வரை காத்திருந்த காது

வேட்டு வெடித்தபோது என் இரண்டு கைகளும் தலைமேல் இருந்த பால்குடத்தைப் பிடித்திருந்தன. பக்கத்தில் வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். குடத்தை விட்டால் பால் சிந்தும், நேர்த்திக்கடன் கெட்டுப்போகும் என்று நான் அப்படியே நின்றேன். இரும்புக் குழாயில் மருந்து திணித்து வைத்திருந்த வேட்டு, என் வலது பக்கம் நாலடி தூரத்தில் வெடித்தது.

ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. அன்று அதைப் பெருமையாக வேறு நினைத்தேன்.

நான் பைக் மெக்கானிக். காரைக்குடியில் இருபது வருடம் அடுத்தவர் பட்டறையில் வேலை பார்த்தேன். சொந்தப் பட்டறை அமைந்தால் பால்குடம் எடுப்பதாக எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வேண்டியிருந்தேன். அமைந்தது. எடுத்தேன்.

அன்று சாயங்காலம் வரை காதில் பஞ்சு அடைத்தது போல இருந்தது. பிறகு 'ஙீ' என்று ஓர் இரைச்சல் தொடங்கியது. தூங்கி எழுந்தால் போய்விடும் என்று படுத்தேன். காலையில் எனக்கு முன்னால் அதுதான் விழித்திருந்தது.

என் மனைவி செல்வி உடனே சொன்னாள்: "காரைக்குடியில காது டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருவோம். ஏன் இப்படிப் பிடிவாதமா இருக்கீக?"

"காப்புக் கட்டியிருக்கேன்ல. எல்லையைத் தாண்டக் கூடாது."

"வைத்தியத்துக்குப் போறத ஆத்தா தப்பா நினைக்குமாக்கும்?"

எங்கள் ஊரில் கையில் மஞ்சள் கயிறு கட்டி விரதம் இருப்பவர்கள், திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. பால்குடம் இரண்டாம் நாள். காப்பு அவிழ்ப்பது பத்தாம் நாள். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டு ஊருக்குள்ளேயே கிடந்தேன். அவிழ்த்த மறுநாள் முதல் பேருந்தில் போனேன்.

டாக்டர் அம்மா ஆடியோகிராம் (எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்தார். கோடு நேராக வந்து, வலது காதில் கீச்சுச் சத்தங்களுக்கான இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலுக்கு டின்னிடஸ் (வெளியே சத்தமில்லாமல் காதுக்குள் கேட்கும் ஒலி) என்று பெயர் சொன்னார். எண்ணெய் விட்டதற்குத் திட்டினார்.

"மறுநாளே வந்திருந்தா ஸ்டீராய்டு ஆரம்பிச்சிருக்கலாம். அப்பவும் உத்தரவாதம் சொல்ல முடியாது. ஆனா ஒரு வாய்ப்பு இருந்துச்சு."

"இப்ப டாக்டர்?"

"தர்றேன். பெருசா எதிர்பார்க்காதீங்க."

ஸ்டீராய்டு (உள்காதின் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) சாப்பிட்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்த ஆடியோகிராமிலும் அதே பள்ளம்.

பட்டறையில்தான் இழப்பு முழுதாகத் தெரிந்தது. முன்பெல்லாம் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே டாப்பெட் சத்தத்தை (வால்வு இடைவெளி கூடினால் எஞ்சினில் கேட்கும் டிக்டிக்) கண்டுபிடித்துவிடுவேன். இப்போது நல்ல இடது காதை எஞ்சின் பக்கத்தில் வைத்தாலும் இரைச்சல் முந்திக்கொள்கிறது.

ஒரு டீச்சர் வண்டியோடு திரும்பி வந்தார். "நேத்துத்தானே சரி பண்ணிக் கொடுத்தீக? சத்தம் அப்படியே இருக்கே."

எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி தலையை ஆட்டினேன். அவமானமாக இருந்தது.

இப்போது செல்வி மதியத்தில் பட்டறைக்கு வருகிறாள். எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்து, கேட்பதை என் மணிக்கட்டில் விரலால் தட்டுகிறாள். அவள் தட்டுகிற வேகத்தை வைத்து நான் ஸ்பேனரைத் திருப்புகிறேன். அவள் விரல் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். பாதி நேரம் நிற்பதில்லை. வாடிக்கையாளர்களும் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள்.

இதைப் படிக்கிறவருக்கும் காதில் அப்படி இரைந்தால், இன்றே டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். பழகிவிடும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை. பொய் சொல்ல மனசில்லை.

இந்த வருடத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டப் பெயர் கேட்டு வந்தார்கள். "கட்டப் போறீகளா?" என்றாள் செல்வி.

கட்டவில்லை. எனக்கு ஆத்தா மேல் கோபமில்லை, என் மேல்தான். எட்டு நாள்தானே என்று பொறுத்திருந்தவன் நான். இப்போது நாள் எண்ணுவதையே விட்டுவிட்டேன். அந்தக் கயிற்றுக்காவது அவிழ்க்க ஒரு பத்தாம் நாள் இருந்தது.