வாசலுக்கு ஆகாத பெயர்

காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் நடைபாதை ஓரமாக நான் பூச்செடி விற்கிறேன். எல்லாம் ஒரு பருவம் பூத்துவிட்டுப் போய்விடும் சின்னச் செடிகள். டேபிள் ரோஸ், ஜினியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை. தொட்டியிலும் வைக்கலாம், பாதை ஓரத்தில் வரிசையாகவும் நடலாம். எங்கள் பக்கத்து வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்குவது இவைதான். முன்பு ரோஜாவும் வைத்திருந்தேன். வாங்கிப் போனவர்கள் சித்திரையில் வெறும் குச்சியைக் கொண்டுவந்து காட்டித் திட்டினார்கள். பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ரோஜாவை விட்டுவிட்டேன்.

பேச எனக்கு எப்போதுமே வராது. பள்ளியில் பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். பத்தாவதோடு நின்றதற்குப் பணக்கஷ்டம்தான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். பிளஸ் ஒன்னுக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் போய் யாரிடம் எப்படிப் பேசுவது என்ற பயமும் ஒரு காரணம். கடையிலும் அப்படித்தான். விலை கேட்டால் சொல்வேன். "நல்லா வருமா?" என்றால் "வரும்" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க வாய் வராது. செடியே பேசிக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்தில் வேறு கடை இல்லாதவரை அது போதுமானதாகத்தான் இருந்தது.

பிறகு அவள் வந்தாள். என்னைவிடச் சில வயது இளையவள். கல்மண்டபம் மார்க்கெட்டில் பல வருஷம் மீன் விற்றவள். ஐஸிலேயே கிடந்து கை வெடித்துப் புண்ணாகி, மீன் வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாதவரம் பக்கத்து நர்சரிகளிலிருந்து ஆட்டோவில் செடி ஏற்றிவந்து, எனக்கு அடுத்தாற்போல ஒரு தார்ப்பாயை விரித்தாள்.

முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது. மீனை விட்டாலும் அவள் மீன்காரிதான். செடியை எடுத்தால் சும்மா நீட்ட மாட்டாள். பிளாஸ்டிக் கவரின் ஓரத்தை விரலால் விலக்கி, வேரைக் காட்டுவாள். மீனின் செவுளைத் தூக்கிக் காட்டுவது மாதிரி.

"பாரு கண்ணு, வெள்ளை வெளேர்னு கீது பாரு. இன்னிக்கு எறங்கினது. நேத்து சரக்கை நான் தொடவே மாட்டேன்."

செடியில் இன்றைய சரக்கு, நேற்றைய சரக்கு என்று எதுவும் கிடையாது. ஆனாலும் வாங்குகிறவர்கள் குனிந்து வேரைப் பார்த்தார்கள். தலையாட்டினார்கள். வாங்கிப் போனார்கள். என் முன்னால் நின்றுகொண்டிருந்த ஒரு பெண் அவள் குரலைக் கேட்டு மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்ததை நான் பார்த்தேன். கையில் எடுத்திருந்த என் ஜினியாவை ஓசைப்படாமல் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

என் வீட்டுக்காரர் கன்டெய்னர் யார்டில் கேட் வேலை பார்க்கிறார். காலை ஷிப்ட் முடிந்ததும் வீட்டில் டீ போட்டு பிளாஸ்க்கில் கொண்டுவருவார். முன்பு அது எனக்கும் அவருக்குமான டீ. அவள் வந்த பிறகு முதல் கிளாஸ் அவளுக்குப் போயிற்று. பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுக்காமல் எப்படிக் குடிப்பது என்பார். சரிதான்.

"இன்னா மாமா, டீ இம்மாம் கசப்பா கீது? அக்கா மூஞ்சை நெனச்சிகினே போட்டியா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பேச்சைக் கேட்டு அவர் அப்படிச் சிரித்ததில்லை. சிரிக்கிற மாதிரி நான் எதுவும் சொன்னதும் இல்லை. அன்று சாயந்திரம் அவர் சட்டையை உதறிப் போட்டதை வைத்துப் பெரிய சண்டை போட்டேன். எதற்குச் சண்டை என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் வேண்டும் என்று ஆசை வந்தது. அதுவரை நானும் பாதிச் செடியை வெளியில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். அத்திப்பட்டில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, ரயில்வே கம்பி வேலியை ஒட்டி ஒரு புதர் பூத்து நின்றதைப் பார்த்தேன். இலையெல்லாம் நிலக்கரித் தூசு. கீழே ஈரமே இல்லை. ஆனால் பூ பளிச்சென்று இருந்தது. இளஞ்சிவப்பு, நடுவில் ரத்தச் சிவப்புப் பொட்டு. காய்கள் வெடிக்கும் முன்பே, மஞ்சளாகத் திரும்பியிருந்தவற்றைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தை மாதத்தில் விதைத்தேன். அந்த விதை முளைக்க இருட்டு வேண்டும். மொட்டைமாடியில் ட்ரேக்களை அடுக்கி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். முளை தெரிந்ததும் சாக்கை எடுத்தேன். நாலு இலை வந்ததும் ஒவ்வொன்றாகக் கவருக்கு மாற்றினேன். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் தண்டு அழுகிவிடும் என்பதால் என் கையைத் தவிர வேறு கையை விடவில்லை. நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டதில் ஒவ்வொன்றும் குட்டைப் புதராக விரிந்தது. பங்குனியில் மாடி முழுக்க ஒரே பூ. இத்தனையையும் ஒரே ஆள் வந்து, என்னிடம் கேட்டு, என்னிடமே வாங்க வேண்டும் என்று விரும்பினேன். அவள் அதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த வருஷம் எனக்கிருந்த ஒரே ஆசை அது.

ஆள் வந்தார். மெயின் ரோட்டில் புதிதாக ஆட்கள் குடிவந்திருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் அசோசியேஷன்காரர். ரிட்டையர் ஆனவர், தொப்பி போட்டிருந்தார். நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்டருக்கும், வாசல் தொட்டிகளுக்கும் வெயில் தாங்கும் பூ வேண்டும் என்றார். அவள் கூப்பிட்டும் நிற்காமல் நேராக என் ட்ரேக்களிடம் வந்து குனிந்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அழகா இருக்கேம்மா. எவ்வளவு இருக்கும் உன்கிட்ட?"

"நெறைய கீதுங்க. மாடி பூரா."

"வெயில் தாங்குமா?"

"தாங்கும்."

"இது என்ன செடி?"

"சுடுகாட்டு மல்லிங்க."

எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்தான். நான் பிறந்து வளர்ந்த தெருவுக்குப் பின்னால் சுடுகாடு. அங்கே யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் அந்தச் செடி பூத்துக் கிடக்கும். அம்மா அப்படிச் சொல்வாள், நானும் அப்படியே சொல்வேன். அது கெட்ட பெயர் என்றே எனக்குத் தோன்றியதில்லை. வேறு பெயரும் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது இதுதான்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "ஏம்மா, இப்பத்தான் குடிவந்திருக்கோம். வாசல்ல வைக்கிறதுக்கா இதைக் காட்டறே?"

பக்கத்திலிருந்து அவள் குரல்தான் வந்தது.

"சார், இங்க வாங்க. இது நித்தியகல்யாணி சார். பேர்லயே கல்யாணம் கீது. வாசல்ல வச்சிப் பாருங்க, வூடு தெனமும் கல்யாண வூடு மாதிரி இருக்கும்."

அவளிடம் இருந்தது அதே செடி. புதிதாக நர்சரியிலிருந்து வந்தது, நெட்டையாக, ஒற்றைக் குச்சியாக, கொஞ்சமே கொஞ்சம். அவர் சிரித்தார். போன் நம்பர் வாங்கிக்கொண்டார். அளவெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். நான் ட்ரேயில் உதிர்ந்து கிடந்த பூக்களைப் பொறுக்குவதுபோலக் குனிந்தே இருந்தேன்.

அவர் தலை மறைந்ததும் அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா நீ? புதுசா குடி வந்த மனுசன். அவராண்ட போயி சுடுகாடுன்ற?"

"அதான் அதும் பேரு."

"பேரு ஆயிரம் இருக்கும். ஐஸ்ல நாலு நாளு கெடந்த வஞ்சிரத்தை, நாலு நாளு வஞ்சிரம்னு கூவியா விப்பாங்க?"

"என் செடி ஒண்ணும் நாறலை."

"அதாங்கா நானும் சொல்றேன். நாறாத சரக்குக்கு எதுக்கு நாறிப்போன பேரு?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "என்னாண்ட இருக்குறது அவுருக்கு ஒரு மூலைக்குக் காணாது. உன்னுதைக் குடு. பாதிக்குப் பாதி."

"இல்ல" என்றேன்.

"கண்ணெதிர்ல பூத்துகினு கீது, இல்லன்ற?"

"வேற ஆளு சொல்லி வச்சிக்கீறாங்க."

நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. பொரியை எடுத்துக் கொறித்தாள். ஒரு பிடி என் பக்கமும் நீட்டினாள். வாங்கவில்லை.

என் பார்வையில் அவள் என் ஆளைப் பறித்தாள். அவள் பார்வையில், போய்விட இருந்த ஆளை எங்கள் இரண்டு பேருக்காகவும் நிறுத்தினாள். அவள் சொல்வதுதான் சரி என்று ராத்திரி படுக்கும்போது தோன்றும். தோன்றத் தோன்ற எரிச்சல் கூடும். தப்பு அவள் பக்கம் இருந்திருந்தால் பொறாமைப்படுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து நானும் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். மாடியில் தனியாக இருக்கும்போது நன்றாக வந்தது. கடையில் ஒரு பெண் கேட்டபோது "நித்திய" என்பதோடு நின்றுவிட்டேன். "இன்னாது?" என்றாள். "பூச்செடி" என்றேன். அது எனக்கே தெரியுதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செடி காத்திருக்காது. கவரின் ஓட்டை வழியாக வேர் வெளியே வந்து ட்ரேயைப் பிடிக்க ஆரம்பித்தது. அடி இலைகள் மஞ்சளாயின. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் தரையில் வைத்தாலும் தேறாது. வீட்டுக்காரர் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "அந்தத் தங்கச்சிகிட்ட குடுத்துடேன்" என்றார். அவர் சொன்னதாலேயே இன்னும் இரண்டு நாள் கொடுக்காமல் வைத்திருந்தேன். பிறகு கொடுத்தேன். மனசு மாறிக் கொடுக்கவில்லை. என் கையால் கிள்ளி வளர்த்தது கண்ணெதிரில் வீணாவதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"நடறதுக்கு நானும் வருவேன்" என்றேன்.

"நீ வராம பின்ன எவ வருவா?" என்றாள்.

அந்தக் கட்டடத்தில் காலையிலிருந்து நட்டோம். நட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கை வெடிப்பு இருப்பதால் அவளால் மண்ணில் அதிக நேரம் கை வைக்க முடியாது. அவள் செடியை எடுத்துக் கொடுத்தாள், பேசினாள். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தவர்களிடம் பேசினாள், வாட்ச்மேனிடம் பேசினாள், லிப்டிலிருந்து இறங்கியவர்களிடம் பேசினாள். நான் பாதை ஓரமாகக் குந்தி நகர்ந்துகொண்டே போனேன். ஒரு அம்மா இறங்கிவந்து அவளிடம், "நல்ல கைராசிம்மா உனக்கு, அப்படியே பூத்துக் குலுங்குது" என்றார். என் கை முழங்கை வரை சேறாக இருந்தது.

அவள் உடனே, "ஐயே, என் கை இல்லம்மா. எல்லாம் எங்க அக்கா வளர்த்தது. வெதை போட்டதுலர்ந்து அவங்கதான். நான் சும்மா வாயி" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து அடுத்த குழியைத் தோண்டினேன். அந்தச் சொல் எனக்கு இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. அவள் ஏமாற்றியிருந்தால் திட்டியிருக்கலாம். என்னைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகச் சொல்வதற்கும் அவள் வாய்தான் வேண்டியிருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

சித்திரை வெயிலில் அந்த பார்டர் நன்றாக நின்றது. மழைக்காலத்தில் வேர் அழுகிப் போயிற்று. அது எதிர்பார்த்ததுதான், தண்ணீர் தேங்கினால் அந்தச் செடி தாங்காது. அடுத்த தை பிறக்கும் முன்பே அசோசியேஷன்காரர் அவளுக்குப் போன் செய்தார்.

அவள் பேசி முடிக்காமல், "சார், இருங்க, செடி வளர்க்குற அக்காவே கீறாங்க, அவங்களாண்டயே சொல்லுங்க" என்று போனை என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். காதிலேயே வைத்துவிட்டாள்.

"வணக்கங்க" என்றேன்.

"யாரு? சத்தமே கேக்கலையே."

"நான்தாங்க, செடி..." கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. லாரி போன பிறகும் என் சத்தம் கூடவில்லை.

"சரிம்மா, நீ அந்த அம்மாகிட்டயே குடு."

கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் போனை வாங்கிக்கொண்டாள். எனக்காகச் சங்கடப்பட்டாள் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"இந்த வாட்டி ஆரஞ்சு கலர்ல வோணுமாம். நம்ம செடில கீதா?"

நம்ம செடி என்றாள். அதைக் கவனித்தேன்.

"அதுல கெடையாது. ஜினியா சொல்லு. குட்டை ஜினியா. வெயில் ஏற ஏறத்தான் கலர் ஏறும்னு சொல்லு."

அவள் கையை எடுத்தாள். "சார், ஜினியா வச்சிரலாம் சார். குட்டை ரகம். மத்த பூவெல்லாம் வெயில் ஏற ஏற வாடும். இதுக்கு வெயில் ஏற ஏறத்தான் சார் கலரே ஏறும்!"

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது எனக்கே கேட்டது. நான் சொன்ன வார்த்தைதான். அவள் வாயில் அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை ட்ரே விதைக்க வேண்டும் என்று மனசுக்குள் கணக்கும் ஓட ஆரம்பித்திருந்தது.