கண்ணாடி இறங்காத முகூர்த்தம்

ஊரெல்லாம் கண்ணாடி இல்லாத கேமராவுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் அடம்பிடித்துக் கண்ணாடி வைத்த, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர். வாங்கினேன். அம்மிக்கல் கனம். பட்டனை அமுக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி சடக்கென்று மேலே போய், படம் விழுந்ததும் இறங்கும். அமுக்கியே பிடித்தால் சடசடவென்று விநாடிக்கு ஏழெட்டுப் படம். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன் என்றாலும் பொய்யில்லை.

வாங்கிய மாதமே செய்யூர் பக்கம் ஒரு கல்யாணம் கிடைத்தது. மணமக்களுக்கு மாமல்லபுரம் கடற்கரையில் ஓடி ஆடிப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. பெண்ணின் அப்பா கட்டட மேஸ்திரி. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தாலி கட்றத மட்டும் வுட்டுடாதம்மா. எங்க கல்யாணத்துக்கு ஒரு போட்டோகூட கெடையாது. புள்ளைக்காவது இருக்கட்டும்."

"ஒண்ணு இன்னாண்ணா, அம்பது எடுத்துத் தரேன்" என்று பீற்றிக்கொண்டேன்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் செங்கல்பட்டில் வேறொரு கல்யாணம், சர்ச்சில். என் சடசடவைக் கேட்டு ஃபாதர் முறைத்தார். கேமராவின் இடது தோளில் ஒரு திருகு உண்டு. அதைச் சத்தம் அடக்கும் இடத்துக்குத் திருப்பினேன். அதில் ஓர் அமுக்குக்கு ஒரே படம்தான். விரலை எடுக்கும்வரை கண்ணாடி இறங்காது, அதுவரை கண் வைத்துப் பார்க்கும் துளையில் எனக்கு வெறும் இருட்டு. மரியாதையாக வேலையை முடித்தேன். திருகைப் பழையபடி வைக்க மறந்தேன்.

மறுநாள் காலை மேளச் சத்தத்தில் கேமரா பேசுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்ததெல்லாம் ஒழுங்காகவே விழுந்தது. கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோனார். பட்டனை அமுக்கிப் பிடித்தேன்.

இருட்டு. யாரோ குறுக்கே வந்துவிட்டார்! செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாயும் சொந்தக்காரர்கள்மேல் எனக்கு ஏற்கெனவே ஆத்திரம். "நவுருங்கண்ணா! போன எறக்குங்க! நவுருங்கன்றேன்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். விரலை மட்டும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமா என் தோளைத் தட்டினார். "யார்மா மறைக்கிறாங்க? முன்னாடி ஒரு ஈ காக்கா இல்லியே!"

கேமராவை இறக்கினேன். நிஜமாகவே யாரும் இல்லை. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டாயிற்று. மற்ற இரண்டையும் போட்டு முடித்து நாத்தனார் நிமிர்ந்துகொண்டிருந்தார். மாலை மாற்றுவதை இன்னொரு தடவை என்று கேட்கலாம், சிரித்துக்கொண்டே செய்வார்கள். தாலியை அவிழ்த்துக் கட்டச் சொல்ல முடியுமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திருகு நேற்று வைத்த இடத்திலேயே நின்றது. இருந்தது ஒரே படம். அதிலும் தாலி மங்கல். இந்தப் பெரிய சென்சாரில் ஒருவர் கூர்மையாக விழுந்தால் அவருக்கு முன்னும் பின்னும் இருப்பவை கரைந்துபோகும். அதைச் சொல்லித்தான் ஊர் முழுக்கப் பெருமையடித்திருந்தேன். அந்தக் கூர்மை மணமக்களைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்திருந்தது.

பந்தி முடிந்ததும் பெண்ணின் அப்பாவை ஓரமாக அழைத்துப் படத்தைக் காட்டினேன். "தாலி கட்றது செரியா விழலண்ணா. யாரும் மறைக்கல, தப்பு என்னுதுதான்."

அவர் திரையையே பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். படத்தில் மணமக்களுக்குப் பின்னால், பறக்கும் அட்சதைக்கு நடுவே அவர்கள் இருவரும் தெளிவாக நின்றிருந்தார்கள். கையைத் தூக்கி அரிசி வீசியபடி அவர். தலைப்பால் கண்ணைத் துடைத்துச் சிரித்தபடி அந்த அம்மா.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிற போட்டோ இதானே மொதல்ல?" என்றார் அந்த அம்மா.

அவர் என் பக்கம் திரும்பினார். "தாலி போட்டோல எதுக்கும்மா? அதான் புள்ள கழுத்துல கீதே. நீ இத பெருசா போட்டுக் குடு."