மூன்று விரல்

வில்ஃப் எண்ட்விசிலின் தலையைத் தன் சொத்தாகவே நினைத்தது ஹாரோக்ளவ் ஊர். பத்தொன்பது வயதில் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தவர், பதினான்கு ஆண்டுகளாக ஊர்க் கால்பந்து கிளப்பின் நடுத் தடுப்பாளராக ஆடிவந்தார். மழையில் ஊறிய தோல் பந்து கல்லாகக் கனக்கும். அதை நெற்றியால் முட்டித் திருப்புவதுதான் அவர் பிழைப்பு. ஊரார் அதை வீரம் என்றார்கள். அவர் மனைவி எட்னாவுக்கு அது பழக்கமாகத்தான் தெரிந்தது; வலிப்பதைச் சொல்லாமலிருக்கும் பழக்கம்.

குடியிருந்த வீடு கிளப்புடையது. ஆண்டுதோறும் மே மாதம் கிளப்பிலிருந்து கடிதம் வரும். 'அணியில் வைத்துக்கொள்கிறோம்' என்றிருந்தால் வீடு உண்டு. இல்லையென்றால் ஒரு மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டு குளிர்காலத்தில் வில்ஃப் கோப்பைக்குப் பக்கத்தில் தேநீரை ஊற்றத் தொடங்கினார். முதல் தடவை இருவரும் சிரித்தார்கள். மூன்றாம் தடவை எட்னா மேசையைத் துடைத்தாள்.

ஆட்டத்தில் யாராவது விழுந்தால் பயிற்சியாளர் சேத் ஆர்மராட் வாளியோடு ஓடுவார். குளிர்ந்த பஞ்சை முகத்தில் பிழிந்து, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்பார். எப்போதும் மூன்றுதான் காட்டுவார். அது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் தெரியும். மாற்று ஆள் இறக்க விதி கிடையாது. ஒருவன் வெளியேறினால் பத்துப் பேரோடுதான் ஆட வேண்டும்.

வியாழக்கிழமை எட்னா சேத்தைத் தேடிப் போனாள்.

"அடுத்த தடவை ரெண்டு விரல் காட்டுங்க சேத். மூணுன்னு சொன்னா வெளிய கூட்டிட்டு வந்துடுங்க."

"உன் புருஷன் மண்டையில உடையறதுக்கு என்னம்மா இருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. சேத்தும் சிரிப்பை நிறுத்தினார்.

"வீடு போயிடுமே, எட்னா."

"அதை நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை விடாத மழை. இரண்டாம் பாதியில் பந்தை முட்டிய வில்ஃப், முட்டிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிடா இரும்புத் தலையா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "படுக்கறதுக்கு இன்னும் ஆலைச் சங்கு ஊதல!"

சேத் ஓடினார். அவர் உயர்த்திய இரண்டு விரல்களை எட்னா தெளிவாகப் பார்த்தாள். வில்ஃபின் உதடு அசைந்தது. சேத் தலையைத் திருப்பி, கிளப் முதலாளிகள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தார். பிறகு பஞ்சைப் பிழிந்து, வில்ஃபின் முதுகில் தட்டி, ஆட அனுப்பினார்.

ஆட்டம் முடிந்ததும் மைதான வாசலில் நின்று சேத்திடம் கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"ரெண்டுன்னான். சத்தியமா." சேத் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வீட்டில் ஷூவின் ஈரக் கயிற்றை அவிழ்த்துவிட்டபடி வில்ஃபிடம் கேட்டாள். "சேத் எத்தனை விரல் காட்டினாரு?"

"மூணு. எப்பவும் மூணுதானே?"

சேத்திடம் திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். முதலாளிகளிடமே சொல்லியிருக்கலாம். எட்னா அடுப்பைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள். ஈர ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, காய வைத்தாள். மிச்சமிருந்த எட்டு ஆட்டங்களிலும் வில்ஃப் ஆடினார்.

மே மாதம் கடிதம் வந்தது. அவர் உறையைப் பிரிக்காமல் அவளிடம் நீட்டினார்.

"நீயே படி."

"வைச்சுக்கறாங்களாம், வில்ஃப். இன்னும் ஒரு வருஷம்."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவள் உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினாள். பாதி உரித்திருப்பாள்.

"எட்னா, கிளப்புலேந்து கடுதாசி ஏதும் வந்துச்சா?"