ஏழாவதாக உட்கார்ந்தவரின் கண்

திங்கட்கிழமைக்குள் இரண்டு கூட்டத்துக்கும் ஏதாவது வித்தியாசம் காட்டு, இல்லையென்றால் ஆய்வுத் தலைப்பை மாற்றிவிடலாம் என்று என் வழிகாட்டி சார் சொல்லிவிட்டார். மாற்றினால் ஒரு வருட உழைப்பு அம்போ.

அருமனைப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதுநிலை படித்துக்கொண்டிருந்தேன். திரைக்குக் கீழே ஒரு கருவியைப் பொருத்தி, புரோகிராம் வாசிப்பவரின் கண் எந்த வரியில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பதிவு செய்திருந்தேன். பத்து மாணவர்கள் புதியவர்கள். பத்து ஆசிரியர்கள் எக்ஸ்பர்ட். சார் என்றாலே எக்ஸ்பர்ட்தானே, அதில் என்ன சந்தேகம் என்று இருந்துவிட்டேன். சராசரி போட்டுப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒன்றுபோல இருந்தது. அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வந்த எரிச்சலில் சராசரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொருவர் கண் போன வழியையும் கோடாக இழுத்துப் பார்த்தேன். மாணவர்கள் மனப்பாடச் செய்யுள் படிக்கிறமாதிரி மேலிருந்து கீழே வந்திருந்தார்கள். கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்த மூன்று ஆசிரியர்கள் நேரே முக்கியமான இடத்துக்குப் போய், அங்கிருந்து தாவியிருந்தார்கள். மிச்சம் ஏழு ஆசிரியர்களின் கண்ணும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் போய் நின்றிருந்தது. அங்கே என்ன இருக்கிறது? செமிகோலன். அது விட்டுப்போனால்தானே அரை மார்க் குறைப்பார்கள், பாவிகள்! வருஷக்கணக்காகப் பேப்பர் திருத்திய கண்கள் அவை. இரண்டு கூட்டம் இல்லை, மூன்று கூட்டம். நாற்காலியைத் தள்ளிவிட்டுத் துள்ளினேன். பக்கத்தில் இருந்த கடியப்பட்டணத்துத் தோழி, "ஏட்டி, ஒனக்கென்ன வட்டா?" என்றாள். ஆமாம், பைத்தியம்தான் என்றேன்.

அப்புறம்தான் உறைத்தது. அந்த ஏழு பேரில் என் சாரும் ஒருவர். தாளில் பெயரில்லை, ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்த வரிசை எண் மட்டும்தான். ஆனால் ஏழாவதாக உட்கார்ந்தது தான் என்று அவருக்குத் தெரியாதா? அவருடைய பதிவை மட்டும் அழித்துவிடலாமா என்றுகூட ஒரு குரங்குப் புத்தி வந்தது. சனி, ஞாயிறு சோறு இறங்கவில்லை. ஆனால் படத்தைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் சிரிப்பும் வந்தது, என்ன செய்ய.

திங்கட்கிழமை எல்லாக் கோடுகளையும் அவர் மேசையில் பரப்பி, படபடவென்று சொல்லி முடித்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு தாளில் நின்றார்.

"ஏழாம் நம்பரு நானாக்கும், இல்லியா?"

தலையாட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"தலைப்பு அப்படியே இருக்கட்டும் மக்ளே. என்னைய எக்ஸ்பர்ட் லிஸ்ட்ல இருந்து எடுத்திரு."