வெங்காயம் வைத்த இடம்

மதுரையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் வர நேரமாகும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், வடக்கே ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, கடற்படைக்கு எத்தனை கப்பல் வேண்டும், ஒவ்வொன்றிலும் என்னென்ன இருக்க வேண்டும், அதற்குப் பணம் எங்கே என்று குறிப்பெழுதியே ஓய்வு பெற்றேன். நான் போர்க்கப்பலில் ஏறியது இரண்டு முறை. இரண்டு முறையும் அது கரையில் கட்டிக் கிடந்தது. அப்படியும் எனக்குத் தலை சுற்றியது.

எங்கள் அலுவலகத்தில் சண்டை எப்போதும் ஒன்றுதான். இருக்கிற பணத்தில் எல்லா ஆயுதமும் பொருத்தி மூன்று கப்பல் கட்டலாம். அல்லது சிலதைக் குறைத்துக்கொண்டு ஐந்து கட்டலாம். சீருடைக்காரர்களில் பாதிப் பேர், வருவதை அடிக்க முடியாத கப்பல் எதற்கு, மூன்று போதும் என்பார்கள். மீதிப் பேர், எவ்வளவு கெட்டிக்காரக் கப்பலும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்காது, ஐந்து வேண்டும் என்பார்கள். இரண்டு தரப்பும் சொன்னது சரி. ஒருவராவது தப்பாகப் பேசியிருந்தால் எனக்கு வேலை குறைந்திருக்கும்.

இதற்கு எங்கள் ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கப்பல் ஐந்தாகவே கட்டுவது. விலை கூடிய ஆயுதத்துக்கு இடம் மட்டும் விட்டு, கம்பியெல்லாம் இழுத்து வைத்து, மூடி போட்டுவிடுவது. கோப்பில் ‘நிதி கிடைக்கும்போது பொருத்தப்படும்’ என்று ஒரு வரி. அந்தத் தடவை அப்படிப் பொருத்தாமல் நின்றுபோனது, பறந்து வரும் ஏவுகணையை வானத்திலேயே மறிக்கிற ஏவுகணை. குறிப்பை எழுதியது நான். நல்ல குறிப்பு. மேலே யாரும் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. நிதி எப்போது கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது எங்கள் அலுவலகத்தில் மரியாதையில்லை.

ஓய்வுக்குப் பிறகு பசுமலையில் தம்பி வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தேன். தம்பி மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனைவி போன பிறகு சமையலும் அவன்தான். ஒரே மகள். அவள் கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்தபோது, அக்காவைப் பார்த்துத்தான் போனாள் என்று சபையில் ஒருவர் விடாமல் சொன்னான். நான் மறுக்கவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அவளுக்கு வேலை கிடைத்த கப்பல் எது என்று தெரிந்தது. அந்த ஐந்தில் இரண்டாவது.

போன வருடம் பத்து நாள் லீவில் வந்தாள். லீவு முடிந்ததும் அவளுடைய கப்பல் மேற்கே போகிறது. சரக்குக் கப்பல்கள் மேல் ஏவுகணை விழுகிற கடல் அது; அவற்றுக்குக் காவலாகப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். தம்பி கறிக்குழம்பு வைத்திருந்தான்.

“உங்க அத்த எழுதிக் கட்டுன கப்பல்லதான் நீ போற, தெரிஞ்சுக்க” என்று மகளிடம் பெருமையடித்துவிட்டு, ரசம் எடுக்க உள்ளே போனான்.

அவள் என் பக்கம் சாய்ந்தாள். “அத்த, ஏவுகணைக்குன்னு விட்ட எடத்துல நாங்க வெங்காய மூட்டைய அடுக்கி வச்சிருக்கோம். காத்தோட்டமான ரூமு. அம்புட்டுச் சீக்கிரம் அழுகாது.”

“அந்த எடத்தக் காலியா விடலாம்னு எழுதுனதே நான்தான்டி” என்றேன்.

எலும்பைத் தட்டோரம் வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மூணுன்னு எழுதியிருந்தீங்கன்னா நான் இன்னிக்கு இங்க உக்காந்து கறி திங்க முடியாது. அஞ்சு இருக்கப்போயித்தான் மாத்தி மாத்தி அனுப்பி லீவு விடுறாங்க” என்றாள்.

இத்தனை வருடக் குறிப்புகளில் லீவைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. யாரும் எழுதி நான் பார்த்ததும் இல்லை.

தம்பி ரசச் சட்டியோடு வந்தான். “கேக்கணும்னே இருந்தேன்க்கா. டிவில காட்டுறானே, அது மாதிரி ஏதாச்சும் பறந்து வந்துச்சுன்னா இவ கப்பல் அடிச்சுப்புடும்ல?” என்றான். முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. ரசத்தை ஊற்றாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பலில் பீரங்கி இருக்கிறது. கிட்டத்தில் வந்தபின் சுடலாம், பட்டால் உண்டு. இதை மூன்று பத்தியில், யாருக்கும் வலிக்காமல் எழுத எனக்குத் தெரியும்.

“எல்லாம் இருக்குடா. பயப்படாம சாப்பிடு” என்றேன். அவன் இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.

லீவு முடிந்த அன்று தம்பிக்குப் பரீட்சை டியூட்டி. ரயில் ஏற்றிவிட நான்தான் போனேன். பிளாட்பாரத்தில் அவள் சொன்னாள்: “அப்பாவுக்கு நீங்க சொன்னா வேதவாக்கு. இனிமே நிம்மதியா தூங்குவாரு. எங்கிட்டயும் யாராச்சும் அப்படிச் சொன்னா நல்லாருக்கும் அத்த. கப்பல்ல எல்லாருக்கும் அந்த ரூமு தெரியும்.”

அவளிடம் அந்தப் பொய் செல்லாது. வண்டி வந்தது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

“எனக்குப் பயமா இருக்குடி” என்றேன்.

“எனக்குந்தான் அத்த” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.