சித்தி போகவேண்டும் என்று நான் எழுதிய மன்றாட்டு

மாதாவை நம்பி வந்திருக்கிற சகோதர சகோதரிகளே, கேட்கக் கூடாததைக் கேட்டவள் நான். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

அம்மா இறந்தபோது நான் நாலாம் வகுப்பு. அப்பாவுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலை. இரண்டு வருஷம் கழித்து மணப்பாட்டிலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு வயிறு எரிந்தது. சித்தி பின்னிவிட்ட சடையைப் பள்ளிக்கூட வாசலில் பிரித்துப்போடுவேன். ஏழு மாதம் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு திமிர் பாருங்கள்!

எங்கள் கோயிலில் சனிக்கிழமைதோறும் மாதாவுக்கு நவநாள் செபம். பெட்டியில் போடும் மன்றாட்டுச் சீட்டுகளை, செபம் நடத்தும் உபதேசியார் மைக்கில் வாசிப்பார்; ஒவ்வொன்றுக்கும் எல்லோரும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்வோம். பெயர் எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று, "அம்மா இடத்துக்கு வந்த சித்தி எங்கள் வீட்டை விட்டுப் போகவேண்டும்" என்று எழுதிப் போட்டேன். எங்கள் பகுதியில் சித்தி வந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அந்தப் புத்தி எனக்கு இல்லை.

வாசிக்க ஆரம்பித்த உபதேசியார் பாதியில் திக்கினார். ஆனாலும் முடித்துவிட்டார். கோயிலே எங்களைத் திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் முழங்காலில் நின்ற சித்தியும் எல்லோரோடும் சேர்ந்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏளா, அத நீயா எழுதுன?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மாதாகிட்டயே சொல்லிட்டியே. அப்போ நான் போயிருதேன்."

மறுநாளே மணப்பாட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஐயோ, அந்த வாரம்! அப்பா என்னை ஒரு சொல் திட்டவில்லை. சாப்பிடாமல் வேலைக்குப் போனார், சாப்பிடாமல் படுத்தார். அவரை மறுபடியும் தனியாளாக்கிவிட்டேனே! "மாதாவே, நான் கேட்டது தப்பு. அவங்களக் கொண்டாந்து விடும்" என்று தினமும் செபமாலை சொல்லி அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை தனியாகக் கோயிலுக்குப் போனேன். கடைசித் தூணோரம் சித்தி! நவநாள் முடிந்ததும் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒம்பது சனிக்கிழம வாரேன்னு நேந்திருந்தேன். இன்னைக்குக் கடைசி. பாதில விடக்கூடாதுல்லா, அதான் வந்தேன். இப்பப் போயிருவேன்" என்றார்.

"எதுக்கு நேந்தீங்க?"

"நீ எங்கிட்ட ஒரு வார்த்த பேசணும்னு."

அப்போதுதான் நான் பேசிவிட்டது எனக்கே உறைத்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கு வாங்க சித்தி" என்றேன்.

இப்போது நான் கல்லூரியில் படிக்கிறேன். அம்மா நினைப்பு வந்தால் இன்றும் சித்தியிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வதுண்டு. அவர் ஒன்றும் கேட்கமாட்டார். உங்கள் மனசில் நஞ்சே இருந்தாலும் அதையும் மாதாவிடமே கொண்டுபோங்கள். என் சீட்டை வாங்கிக்கொண்ட தாய், சித்தியின் நேர்ச்சையைத்தான் கேட்டாள். அதற்காக அவளுக்குக் கோடி நன்றி.