முருகையா, ரோகிணி நட்சத்திரம்

இதைப் படித்துவிட்டு யாராவது "கதை நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். இப்போதே சொல்லிவிடுகிறேன். சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடமாகக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வரிசையில் வரும் சாமானைப் புரட்டிப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்குவேன். இல்லாததை இருப்பதாக எழுதினால் வேலை போய்விடும். அந்தப் பழக்கத்தோடுதான் இதையும் எழுதுகிறேன். இதில் உள்ள நேரங்கள் பெரும்பாலும் என் கைப்பேசியைப் பார்த்துக் குறித்தவை.

என் தம்பி யோகேஸ்வரனுக்கு இருபத்தாறு வயது. அப்பா, அம்மா இருவரும் போன பிறகு பீடோங் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே கிறுக்கு. இத்தாலிக்காரன் செய்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வேண்டும். எழுபதுகளில் வந்தது, சிலிண்டர் இரண்டும் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும் வகை. கம்பெனிப் பெயர் வேண்டாம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. "ஓட்டுறது சின்னக் கப்சாய் மோட்டார், கேக்குறது இத்தாலியா?" என்று கிண்டல் செய்தே நாலு வருடம் தள்ளிப்போட்டேன். உண்மையில் எனக்குப் பயம். தோட்டத்துச் சாலையில் மோட்டார் நடுவழியில் நின்றுபோய், பின்னால் வரும் லாரி அவனை அடித்துவிட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். நான் பார்த்துச் சரி என்று சொல்வதைத்தான் அவன் வாங்க வேண்டும்.

முதல்முறை வாங்குகிறவன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நாலு பேரிடம் விசாரித்துப் பட்டியல் போட்டேன். ஒரே ஆள் கையில் இருந்ததா, வண்டியின் இரும்புச் சட்டத்தில் உள்ள எண்ணும் இஞ்சின் எண்ணும் கெரானில், அதாவது பதிவுப் பத்திரத்தில், உள்ளதோடு ஒத்துப்போகிறதா, வயரை வெட்டி ஒட்டியிருக்கிறார்களா, புகை என்ன நிறம்... இப்படிப் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளப்புவதற்கு முன் இஞ்சினில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் விற்பவர் நமக்காக முன்பே கிளப்பி வைத்திருக்கிறார், ஏதோ மறைக்கிறார் என்று அர்த்தம். அலோர் ஸ்டார் வரைக்கும் போய் ஐந்து மோட்டாரை ஒதுக்கினேன். ஒன்றில் எண்ணெய் ஒழுகியது. இன்னொன்றில் இஞ்சின் நம்பரையே சுரண்டியிருந்தார்கள். ஐந்தாவதை ஒதுக்கியபோது யோகேஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆறாவது கோலா கெத்திலில் இருந்தது. வெள்ளிக்கிழமை, மாலை 4.35. மருதம்மாள் என்ற அக்கா தனியாக இருந்தார். மோட்டார் அவர் கணவர் முருகையாவுடையது. கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டதாம். பின்கொட்டகையில் கேன்வாஸ் போட்டு மூடியிருந்தது. இஞ்சினில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. எண்கள் ஒத்துப்போயின. வயரில் ஓர் ஒட்டு இல்லை. ஹேண்டிலில் ஒவ்வொரு சுவிட்ச் பக்கத்திலும் சின்ன நூல் முடிச்சு போட்டிருந்தது. என்னைப்போல நுணுக்கம் பார்க்கும் ஒரு மனிதர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அமுக்கிலேயே கிளம்பியது.

"யாருக்கா பாத்துக்கிட்டா?"

"அவர்தான் தம்பி. தெனம் பொழுது சாயிற நேரத்துல தொடச்சி ஸ்டார்ட் பண்ணி வைப்பாரு."

"அவரு போனதுக்கப்புறம்?"

அக்கா கேன்வாஸை மடித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு வருடம் யாரும் தொடாத மோட்டார் முதல் அமுக்கில் கிளம்பாது. பேட்டரியே செத்திருக்கும். இது எனக்குத் தெரியும். குறையே இல்லாத சாமான் வரிசையில் வந்தால் நாங்கள் இன்னொருமுறை எடுத்துப் பார்ப்போம். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. யோகேஸ் சின்னப் பிள்ளை மாதிரி அந்த டாங்கியைத் தடவிக்கொண்டு நின்றான். "எடுத்துக்கடா, இதைவிட நம்பகமானது கிடைக்காது" என்று சொன்னது நான்தான்.

கெடாவில் வெள்ளியும் சனியும் ஆபீஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெயர் மாற்றலாம் என்று கெரானையும் மற்றக் கடிதங்களையும் வாங்கிக்கொண்டோம். கெரானில் இன்னும் முருகையா பெயர்தான்.

வழியில் ஒரு முனீஸ்வரன் கோயில். புது வண்டிக்குப் பூஜை போடாமல் போக யோகேஸுக்கு மனம் வரவில்லை. மணி 6.20. மேற்கே மழை கருத்துக்கொண்டு வந்தது. பூசாரி பிச்சை டாங்கியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சாவியையும் கெரானையும் தட்டில் வாங்கிக்கொண்டார்.

"நட்சத்திரம் என்னா?"

"ரோகிணி" என்றேன். யோகேஸ் நட்சத்திரம்.

பெயரை அவர் கேட்கவில்லை. தட்டில் இருந்த கெரானைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வாசித்தார். "முருகையா, ரோகிணி நட்சத்திரம்... எந்த வெக்கினமும் இல்லாம நல்லபடியா போகணும் சாமி."

யோகேஸ் என் கையைப் பிடித்தான். "அண்ணே, செத்தவரு பேருலா."

"விடுடா. நாயித்துக்கெழம மாத்திருவோம்ல. மழை வருது."

இதுதான் நான் செய்தது. செத்தவர் பெயரையும் என் தம்பி நட்சத்திரத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சாமிக்கு முன்னால் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு மழைதான் பெரிதாகத் தெரிந்தது.

6.48. கிளம்பினோம். அவன் மோட்டாரில் முன்னால், நான் என் காடியில், காரில்தான், பின்னால். ஹெல்மெட்டுக்குள் இயர்போன் மாட்டி எனக்கு அழைப்புப் போட்டு வைத்துக்கொண்டான். "அண்ணே, சோஃபால உக்காந்த மாதிரி இருக்குலா" என்று சிரித்தான். அவ்வளவு கனத்தை அவன் ஓட்டியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் தடுமாறினான். நான் திட்டிக்கொண்டே போனேன்.

பெரிய சாலையை விட்டுச் செம்பனைத் தோட்டத்துக் குறுக்குவழியில் இறங்கினோம். இரண்டு பக்கமும் மட்டைகள் மேலே சேர்ந்து, அங்கே அதற்குள் இருட்டிவிட்டது.

7.03. தடுமாற்றம் நின்றுவிட்டது.

கோடு போட்ட மாதிரி போனான். முப்பது வருடம் அதே மோட்டாரை ஓட்டிய கை மாதிரி இருந்தது. சிரிப்பும் நின்றுவிட்டது.

7.06. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பிகள் இரண்டும் விரிந்திருந்தன. கோயிலில் அவற்றை மடக்கியது நான். இறுகிப்போய், குதிகாலால் உதைத்துத்தான் மடக்கினேன்.

"யோகேஸ், பின்னால கால்கம்பி தொறந்திருக்கு."

"தெரியும்ணே."

"எப்படித் தெரியும்?"

இஞ்சின் சத்தம் மட்டும்... டுக் டுக் டுக் டுக்...

7.09. "அண்ணே..."

"சொல்லு."

"தள்ளி உக்காரச் சொல்றாரு."

"யாரு?"

காடியை நெருக்கிக் கொண்டுபோனேன்.

விளக்கை உயர்த்திப் போட்டேன். யோகேஸ் பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்தான். கால்கள் பின்கம்பியில். கைகள் இரண்டும் முன்னால் வளைந்து, யாரோ இடுப்பைப் பிடித்திருப்பதுபோல்... நடுவில் ஒன்றும் இல்லை.

முன் ஸீட் காலி.

மோட்டார் போய்க்கொண்டிருந்தது.

"டேய், நிறுத்துடா."

"நான் ஓட்டலண்ணே."

7.12. மழை பிடித்தது. ஹார்னை அமுக்கிக்கொண்டே அவனுக்குப் பக்கத்தில் காடியைக் கொண்டுபோனேன். அவன் முன்னால் சாய்ந்திருந்தான். முகவாய்க்கட்டை காற்றில், ஒருவர் தோள் இருக்க வேண்டிய உயரத்தில் இருந்தது. அவன் தொப்பலாக நனைந்திருந்தான்.

முன் ஸீட் நனையவில்லை.

கைப்பேசியில் அவன் குரல். என்னிடம் பேசவில்லை.

"நேரா... நேரா... பள்ளம் இருக்கு, மெதுவா... இடது பக்கம் வளையுது... இன்னும் கொஞ்சம்... ஆங்... நேரா..."

அவன் சொல்லச் சொல்ல ஹேண்டில் திரும்பியது.

சொல்வதற்கு முன்னால் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கத்தினேன். அழுதேன். அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை.

7.31. தோட்டம் முடியும் சிம்பாங் சந்தி. பெரிய சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வருவது தெரிந்தது. காடியை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"நிறுத்துங்க" என்றான் யோகேஸ்.

நின்றது. ஒரு கால்கூடத் தரையில் ஊன்றவில்லை... அப்படியே நேராக நின்றது. லாரி கடந்து போனது. ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். அடுத்த நொடி மோட்டார் சாய்ந்து விழுந்தது.

தம்பியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது.

"நேரா... நேரா..."

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. மருத்துவமனையில் தலையைப் படம் எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. முதல் வாரம் பகலில் நன்றாகத்தான் இருந்தான், சாப்பிட்டான், என்னோடு சண்டைகூடப் போட்டான். மாலை 7.10 ஆனால் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து வழி சொல்வான். இருபது நிமிடத்தில் நின்றுவிடும். பிறகு ஒரு மணி நேரம் ஆனது. இப்போது விடியும்வரை சொல்கிறான். தூக்கம் இல்லை. ஐம்பத்தெட்டுக் கிலோ இருந்தவன் நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டான்.

மோட்டாரை இரும்புக் கடையில் போட்டு என் கண்முன்னால் வெட்டச் சொன்னேன். அன்றைக்கும் 7.10க்கு ஆரம்பித்தான். பூசாரி பிச்சையிடம் ஓடினேன், யோகேஸ் பெயரில் மறுபடி அர்ச்சனை போடச் சொன்னேன். போட்டார். "பேர மாத்திச் சொல்லிட்டேன் தம்பி. ஏறி உக்காந்தவன எறக்குறதுக்கு எனக்கு வழி தெரியாது" என்றார்.

போன வெள்ளிக்கிழமை மருதம்மாள் அக்காவைத் தேடிப் போனேன். கோபத்தோடுதான் போனேன். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவருக்கு ஆறு வருசமா கண்ணு தெரியாது தம்பி" என்றார். "சக்கர வியாதி. ரெண்டு கண்ணும் போச்சு. தெனம் பொழுது சாஞ்சா அதுல ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணுவாரு. பின்னால உக்காந்து வழி மட்டும் சொல்லு மருதம், நான் ஓட்டிருவேன்னு கெஞ்சுவாரு. எனக்குப் பயம். ஒரு நாள்கூட நான் ஏறல."

எனக்குள் எங்கோ ஒரு நப்பாசை எழுந்தது. ஒரு மனிதனுக்குப் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கும் அல்லவா? கோயிலோ, பிறந்த தோட்டமோ, கோலா கெடா படகுத்துறையோ. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் என் தம்பியை இறக்கிவிட்டுவிடுவார். நானே காடியில் வைத்துக் கூட்டிப் போய்விடுவேன்.

"எங்க போகணும்னு சொல்வாருக்கா?"

அக்கா அழ ஆரம்பித்தார்.

"நானும் கேட்டேன் தம்பி. ஒரு எடமும் இல்லன்னாரு. சும்மா போய்க்கிட்டே இருக்கணுமாம். ஒரு தடவ கெளம்பிட்டா நிறுத்தவே மாட்டேன்னாரு."